பிள்ளை தானே ட்யூப் போட்டுக்கொள்வது எப்போது? ஸ்பைனா பிஃபிடா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிப்பட்டு. அந்தப் பக்கம் பலமநேர், சித்தூர், நகரி. இந்த எல்லை ஊர்களில் முதுகில் கட்டியோடு, அதாவது ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வருவது என் வேலை. இவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய மெல்லிய ட்யூப் விட வேண்டியிருக்கும். அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடும் உண்டு, அப்பா என்று கூப்பிடும் வீடும் உண்டு. கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு, ட்யூபின் சைஸ், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதுகில் ஆபரேஷன் முடிந்து தையலும் ஆறிவிட்டது. அப்புறம் ஏன் யூரின் பிரச்சினை?

கரு உருவான முதல் 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக்குழாய் ஓரிடத்தில் மூடாமல் நின்றுவிடுவதுதான் ஸ்பைனா பிஃபிடா. ஆபரேஷன் அந்தத் திறப்பை மூடுகிறது, கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பை அது திருப்பித் தருவதில்லை. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிக்கோடியிலிருந்து கிளம்புகின்றன. கட்டி அதற்கு மேலே எங்கே இருந்தாலும் அவை பாதிக்கப்படலாம். அதனால்தான் நன்றாக நடக்கிற பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது. “கால் நன்றாக இருக்கிறதே, இது மட்டும் எப்படி?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காலின் நரம்பு வேறு, பையின் நரம்பு வேறு.

சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டுதானே இருக்கிறது. டயபர் போட்டால் போதாதா?

போதாது. சொட்டுவது பை காலியாவதன் அடையாளம் இல்லை. பெரும்பாலும் பை நிரம்பி வழிவதன் அடையாளம். பையின் தசை இறுகும்போது அதன் வாயை மூடும் தசையும் சேர்ந்து இறுகினால் உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. ஸ்கேனிலும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் டெஸ்டிலும் தெரிய வரும்போது நிறையக் கெட்டிருக்கும். அதனால்தான் பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே வயிற்று ஸ்கேனுக்கும், பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் டெஸ்டுக்கும் கூப்பிடுகிறார்கள்.

சில மணிக்கு ஒருமுறை மெல்லிய ட்யூப் விட்டுப் பையைக் காலி செய்யும் முறையை 1972-இல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடஸ் பரவலாக்கினார். ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் வேண்டாம், சுத்தமான கை, சுத்தமான ட்யூப், நேரம் தவறாமை போதும் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம். சி.ஐ.சி. என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பது இதைத்தான். வீட்டில் நாம் “ட்யூப் போடுவது” என்கிறோம்.

எந்த வயதில் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும்?

ஐந்து முதல் எட்டு வயதுக்குள் பல பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்குப் பன்னிரண்டு ஆகும். சிலருக்கு எப்போதும் ஒரு துணை வேண்டியிருக்கும். வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ட்யூபை உள்ளே விடுவதைத்தான் எல்லோரும் சுயபராமரிப்பு என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் அது பாதிகூட இல்லை. நேரமாகிவிட்டது என்று நினைவு வர வேண்டும். விளையாட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும். ட்யூப் டப்பாவை எடுத்துக்கொண்டு கழிப்பறை வரை போக வேண்டும், கையைக் கழுவ வேண்டும், உடையையும் காலுக்குத் தாங்கலாகப் போடும் காலிப்பரையும் தளர்த்த வேண்டும், சாயாமல் உட்கார வேண்டும். போட்ட பிறகு யூரின் நின்றதும் வெடுக்கென்று உருவிவிடாமல் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். இழுக்கும்போது மறுபடி வந்தால் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அடியில் தங்கியது அப்போதுதான் வரும். பிறகு ட்யூபைக் கழுவி, நிறம் எப்படி இருந்தது, அளவு எவ்வளவு என்று கவனிக்க வேண்டும். ட்யூப் தீரப்போகிறது என்று முந்தின வாரமே அம்மாவிடம் சொல்வதும் இதில் சேரும்.

இத்தனையையும் ஒரே நாளில் பிள்ளை கையில் கொடுத்தால் நிச்சயம் தோற்கும். துண்டு துண்டாகக் கொடுங்கள். மூன்று வயதில் ட்யூபின் வெளிமுனையை மக்குக்குள் பிடித்துக்கொள்ளட்டும். நாலு வயதில் சோப்பு, ட்யூப், துணி மூன்றையும் எடுத்துவைக்கட்டும். அப்புறம் நீங்கள் போட்டுவிட, பிள்ளை உருவட்டும். உருவப் பழகிய கைக்குப் போடுவதில் பயம் குறைந்துவிடுகிறது. இந்த வரிசையில் போன வீடுகளில் அழுகை குறைவு.

கை நன்றாக இருக்கிறது, போடவும் தெரியும். ஆனால் சொன்னால்தான் போகிறாள், சொல்லாவிட்டால் நனைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. அதிகம் திட்டு வாங்கித் தருவது இந்த விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பைனா பிஃபிடாவோடு தலையில் நீர் கோத்து, அதை வடிக்க உள்ளே ஷண்ட் என்ற குழாய் வைத்த பிள்ளைகளில் பலர் நன்றாகப் பேசுவார்கள். பாட்டு, வசனம், உறவுக்காரர் பெயர் எல்லாம் அத்துப்படி. ஆனால் ஒரு வேலையைத் தானாக ஆரம்பிப்பது, நேரம் எவ்வளவு ஓடியது என்று உணர்வது, நாலு படி உள்ள வேலையை வரிசை தவறாமல் முடிப்பது ஆகியவற்றில் மூளை தடுமாறும். பேச்சைக் கேட்டு நாம் கெட்டிக்காரப் பிள்ளை என்று எடைபோட்டுவிடுகிறோம். வேலை நடக்காதபோது திமிர் என்று நினைக்கிறோம். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. நனைந்தது பலருக்கு உடம்பில் தெரியாது, வாடை மூக்குக்குப் பழகிப்போயிருக்கும்.

புத்திமதி இங்கே வேலைக்கு ஆகாது, ஏற்பாடு வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். மகளுக்குப் பதினொரு வயது. பழைய பட்டன் போனில் ஐந்து அலாரம் வைத்தார்கள். அலாரம் அடிக்கும், அவள் அணைப்பாள், பழையபடி டிவி பார்ப்பாள். போனை ஹாலிலிருந்து எடுத்துக் கழிப்பறை வாசல் அலமாரியில், ட்யூப் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் நிலைமை மாறியது. அணைக்கவே எழுந்து போக வேண்டும், போனால் டப்பா கண்ணில் படும். சுவரில் ஆறு படங்கள் ஒட்டினார்கள்: கை கழுவு, உட்கார், போடு, காத்திரு, மெல்ல உருவு, கழுவி வை. எழுத்தை விடப் படம் அவளுக்குச் சுலபமாக இருந்தது. பள்ளியில் அதிர்கிற கைக்கடிகாரம் இன்னும் நல்லது, மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காது.

எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன், மதிய மணி அடித்ததும், வீடு திரும்பியதும், தூங்கும் முன் என்று நாளின் நிலையான காரியங்களோடு கோத்துவிடுவதும் உதவும். “மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை” என்பது நேர உணர்வு குறைந்த பிள்ளைக்கு வெறும் வார்த்தைதான்.

பெண் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்கிறார்களே?

ஆரம்பத்தில், ஆமாம். துவாரம் கண்ணுக்குத் தெரியாது. நிற்கும் கண்ணாடி ஒன்றை எதிரே வைத்து, சாய்ந்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் கண்ணாடி இல்லாமல் விரலால் தடவியே இடம் கண்டுபிடிக்கப் பழகிவிடுகிறார்கள், வெளியூரில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். முதுகு வளைந்திருந்தாலோ, தொடை விரியாவிட்டாலோ, உட்கார ஒரு கையை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தாலோ கஷ்டம் கூடும். மாதவிலக்கு நாட்களிலும் நிறுத்தக் கூடாது. சில வீடுகளில் அந்த மூன்று நாள் தனியாக உட்காரவைக்கிறார்கள். ட்யூப் டப்பாவும் சோப்பும் தண்ணீரும் அவள் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும்.

ஆண் பிள்ளைக்கு இடம் தெரியும், ஆனால் பாதை நீளம். ஜெல்லி தாராளமாகத் தடவ வேண்டும். தடை வந்தால் அழுத்தித் தள்ளாமல் மூச்சை இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் குத்தினால் உள்ளே காயமாகும்.

எங்கள் வீட்டுக் கழிப்பறை சின்னது, குந்தி உட்காரும் வகை. காலிப்பர் போட்ட பிள்ளை எப்படி?

கழிப்பறையை மறந்துவிடுங்கள். ட்யூப் போடக் கழிப்பறை அவசியமே இல்லை. கட்டில் ஓரம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மூடியுள்ள டப்பா, கை கழுவச் செம்பில் தண்ணீர் போதும். போட்ட பிறகு டப்பாவைக் கொண்டுபோய்க் கொட்டலாம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, தோட்டக் கோடியில் இருக்கிற வீடுகளில் ராத்திரி யாரும் போகாமல் விட்டுவிடுகிறார்கள். கட்டிலோரம் என்று ஆனதும் அந்தத் தடை போய்விடுகிறது. முக்கியமான தேவை ஒரு திரைதான். ஒரே அறை வீட்டில் தாத்தா, சித்தப்பா எல்லோரும் இருக்கும்போது எட்டு வயதுப் பெண் எப்படித் தானே செய்வாள்? பழைய சேலையைக் கயிற்றில் கட்டிவிட்டால் மூலை தனியாகிவிடும். வெளிச்சமும் வேண்டும், கையெட்டும் உயரத்தில் ஒரு அலமாரியும் வேண்டும்.

அளவுக் கோடு போட்ட டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. வயதோடு ஒன்று கூட்டி முப்பதால் பெருக்கினால் அந்த வயதில் பை தாங்க வேண்டிய அளவு மில்லிலிட்டரில் தோராயமாக வரும். ஏழு வயதுக்கு 240. ஒவ்வொரு முறையும் அதை மிஞ்சி வந்தால் இடைவெளி நீளம் என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பள்ளியில் என்ன செய்வது?

வீட்டில் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிற பிள்ளை பள்ளியில் விட்டுவிடுவது சர்வ சாதாரணம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப நாலரை ஆகும். இடையில் ஒரு முறையாவது, முடிந்தால் இரண்டு முறை போட வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், வரிசையில் நின்று கதவைத் தட்டும் பிள்ளைகள் என்று இருந்தால் எந்தப் பிள்ளையும் “வேண்டாம்” என்றுதான் முடிவெடுக்கும். அப்புறம் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காது.

பள்ளி முழுவதற்கும் சொல்ல வேண்டாம். தலைமை ஆசிரியருக்கும், பிள்ளை நம்புகிற ஒரு டீச்சருக்கும் தெரிந்தால் போதும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டி வைத்திருக்கும் ஆசிரியர் கழிப்பறைச் சாவியைக் கேளுங்கள். மணியடிக்க ஐந்து நிமிடம் முன்னால் அனுப்பச் சொல்லுங்கள், கூட்டம் இருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி பள்ளி வசதி செய்து தர வேண்டும். இது சலுகை கேட்பது இல்லை. பொதுத்தேர்வில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அதற்கான விண்ணப்பத்தை வருஷ ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

சில அம்மாக்கள் தினமும் மதியம் பள்ளிக்குப் போய் ட்யூப் போட்டுவிட்டு வருகிறார்கள். அரை நாள் கூலி போகிறது, பிள்ளையும் பழகுவதில்லை. முதல் ஒரு மாதம் கூட நில்லுங்கள், அப்புறம் கதவுக்கு வெளியே, அப்புறம் கேட்டுக்கு வெளியே.

ட்யூபைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

உறையில் ஒருமுறை மட்டும் என்று அச்சிட்டிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, மாதம் நூற்றைம்பது ட்யூப் எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்? நம் ஊர்களில் பல டாக்டர்கள் கழுவிப் பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். போட்ட உடனே உள்ளும் வெளியும் ஓடும் தண்ணீரில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, திரும்ப அலசி, உதறி, சுத்தமான துணியில் முழுக்கக் காயவிட்டு, காய்ந்த டப்பாவில் மூடி வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடுவதுதான் பெரிய தப்பு. விறைத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, முனை சொரசொரவென்று ஆனாலோ தூக்கிப் போடுங்கள். எத்தனை நாளுக்கு ஒன்று என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருவர் ட்யூபை இன்னொருவர் தொடவே கூடாது.

தண்ணீர் குறைத்தால் நனைவது குறையுமே?

நனைவது குறையும், கிருமியும் கல்லும் கூடும். மலச்சிக்கலும் சேரும். சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். பையை இளக்கக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை வியர்வையையும் குறைக்கும். அந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளையை வெயிலில் ஆடவிட்டால் முகம் சிவந்து உடம்பு கொதிக்கும். காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுங்கள். பகலில் பிரித்துப் பிரித்துக் குடிக்கவைத்து, தூங்க இரண்டு மணி நேரம் முன்பு குறைப்பதுதான் சரி.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குடல் நிறைந்திருந்தால் பையை அழுத்தும், கொள்ளளவு குறையும், நனையும், கிருமியும் அடிக்கடி வரும். வயிற்றைச் சரிசெய்யாமல் யூரினை மட்டும் சரிசெய்ய முடியாது.

யூரின் டெஸ்டில் கிருமி என்று வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

ட்யூப் போடுகிறவர்களின் யூரினில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், இடுப்புக்கு மேல் வலி, வாந்தி, புதிதாக நனைவது, வழக்கத்துக்கு மாறான சோர்வு எதுவும் இல்லாமல் டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. கடையில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டே போனால் நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது எந்த மருந்தும் கேட்காது. காய்ச்சல் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

ரப்பர் ஆகாது என்கிறார்களே?

ஸ்பைனா பிஃபிடா உள்ளவர்களுக்கு லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மற்றவர்களை விட அதிகம். சிவப்பு ரப்பர் ட்யூப், சாதாரண கையுறை, பிறந்தநாள் பலூன் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். நுனியில் பலூன் வைத்து உள்ளேயே விட்டுவைக்கும் ஃபோலி கத்தீட்டர் என்ற ட்யூப் பலவும் லேட்டக்ஸ்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

என் மகனுக்குக் கீழே கை எட்டவே இல்லை. வாழ்நாள் முழுக்க நானேதான் போட வேண்டுமா?

அவசியமில்லை. 1980-இல் பிரான்ஸ் நாட்டு சர்ஜன் மிட்ரோஃபனாஃப் ஒரு வழி சொன்னார். குடல்வாலை எடுத்துப் பைக்கும் வயிற்றின் தோலுக்கும் நடுவே சின்னப் பாதையாக வைப்பது. தொப்புளிலேயே துவாரம் வைக்கவும் முடியும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, பேண்டை இறக்காமல் ட்யூப் போடலாம். பெரிய ஆபரேஷன்தான், துவாரம் சுருங்குவது, கசிவது போன்ற தொந்தரவும் வரலாம். பை சிறியதாக இருந்தால் அதைப் பெரிதாக்கவும் சேர்த்துச் செய்வார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆபரேஷன் கைக்கு வழி செய்யும், நேரத்தை நினைவில் வைக்காது.

எனக்கு 19 வயது. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன். முடியுமா?

முடியும். இடைவேளை நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, முடிந்ததும் ஒன்று. காரணத்தை லைனில் எல்லோரிடமும் விளக்க வேண்டியதில்லை, சூப்பர்வைசருக்கு மட்டும் “மருத்துவக் காரணம்” என்று தெரிந்தால் போதும். பஸ் தாமதமாகும் நாளுக்காகக் கைப்பையில் ஒரு ட்யூப், ஈரத் துடைப்பான், மாற்று உடை எப்போதும் இருக்கட்டும். உங்கள் வயதில்தான் நிறையப் பேர் ட்யூபை நிறுத்திவிடுகிறார்கள். நண்பர்களோடு இருக்கும்போது எழுந்து போக வெட்கம், “ஒன்றும் ஆகவில்லையே” என்ற தைரியம். வருஷ ஸ்கேனை விடாதீர்கள்.

அம்மாவாகிய எனக்கே விட மனம் வரவில்லை. தப்பா?

தப்பில்லை. பத்து வருஷம் நீங்கள் போட்டீர்கள், ஒரு தடவை கூடத் தவறவிடவில்லை. பிள்ளை போட்டால் தவறும், நனையும், ஒருவேளை காய்ச்சல்கூட வரும். இருந்தாலும் உங்களுக்கு ஒரு ஜுரம் வந்து படுத்தால் யார் போடுவது? பல வீடுகளில் நைனாவுக்கு ட்யூப் சைஸ்கூடத் தெரியாது. முதலில் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். மகள் என்றால் அக்காவோ சித்தியோ தெரிந்துவைத்திருக்கட்டும். வயது வந்த பிறகும் ஒருவர் மட்டுமே தொடலாம் என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை கல்யாணம், காலேஜ், ஒரு நாள் சுற்றுலா எதற்குமே போக முடியாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சலோடு யூரின் மாற்றம் இருந்தால். தலைவலி, வாந்தி, அசாதாரண தூக்கம் இருந்தால் ஷண்ட் அடைத்திருக்கலாம், அது அன்றைக்கே. நன்றாக இருந்த பிள்ளைக்குப் புதிதாக நனைவு, முதுகுவலி, நடையில் தடுமாற்றம் சேர்ந்து வந்தால் தண்டுவடம் வடுவில் ஒட்டி இழுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் இதை அதிகம் எதிர்பாருங்கள்.

நாங்கள் ஆந்திரா ரேஷன் கார்டு, பார்ப்பதோ வேலூரில். என்னென்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அந்த மாநிலக் குடும்பங்களுக்கானது. உங்களுடையது ஆரோக்யஸ்ரீ என்று தொடங்கி இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவா என்ற பெயரில் இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அட்மிஷன் அன்று காலையில் கவுண்டரில் நிற்காதீர்கள். எந்த ஆபரேஷனுக்கு எந்த கார்டு செல்லும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், அதை முதலில் எடுங்கள். பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தில் நரம்புக்குழாய்க் குறைபாடும் இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் மாவட்ட ஆஸ்பத்திரியின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

பழக்கிவிட ஆள் வேண்டும் என்றால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. விபத்தில் கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-இல் தொடங்கியது. கழிப்பறை, சமையல், நாற்காலியில் ஏறி இறங்குவது என்று அன்றாட வேலைகளையே பாடமாக வைக்கும் மரபு அங்கே பழையது.

போகும்போது ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள்: ஷண்ட் உண்டா, லேட்டக்ஸ் ஆகாதா, ட்யூப் சைஸ், எத்தனை மணிக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு வருகிறது, மாத்திரை, கடைசி ஸ்கேன் தேதி. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அந்தத் தாளை அதன் கையில் கொடுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும் பதிலைப் பிள்ளையே சொல்லட்டும், விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேருங்கள்.